முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசில்: கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவருடைய விண்ணப்பம் விரிந்து கிடக்கும். நான் புலமைப்பரிசிலில் பிரித்தானியா போய் முதுமாணி முடித்துத் திரும்பிய பிறகு, முதலில் சித்தப்பாவின் மகள் வந்தாள். பிறகு அவளுடைய பற்ச் தோழிகள் வந்தார்கள். இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெகிவளையிலிருந்தும், இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். திகதிகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நீங்களே வாசியுங்கள்.

புலமைப்பரிசில் திறமை அடிப்படையில் என்றால், அது முதல் வகுப்பு எடுத்தவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் 4.00க்கு 3.70 வந்தால் முதல் வகுப்பு, 3.30 வந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 வந்தால் கீழ்ப்பிரிவு. பிரித்தானியா தரும் கொமன்வெல்த் புலமைப்பரிசில் கேட்பது மேற்பிரிவு. கீழ்ப்பிரிவு எடுத்தவரிடம் அந்தத் துறைக்குப் பொருத்தமான பட்டப்பின் தகைமை, வழக்கமாக ஒரு முதுமாணி, இருந்தால் அவரும் விண்ணப்பிக்கலாம்.

பெறுபேறு படலையைத் திறந்துவிடும், அவ்வளவுதான். படலைக்கு உள்ளே வந்த எல்லோரிடமும் அதே பெறுபேறு இருக்கும். அதற்குப் பிறகு தெரிவுக்குழு பார்ப்பது, படித்ததைக் கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். 3.85 எடுத்தவர் தெரிவாகாமல் 3.35 எடுத்தவர் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் அநியாயம் எதுவும் இல்லை.

எவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்?

உங்கள் நிலைமைக்குப் பொருந்துவதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வருடம் வேலை செய்தவர் என்றால் பிரித்தானியாவின் செவ்னிங்கைப் பாருங்கள். 1983இல் தொடங்கிய திட்டம், ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தரும். குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். மூன்று கற்கைநெறிகளைத் தெரிந்து குறிப்பிட வேண்டும். வழக்கமாக ஓகஸ்ட்டில் திறந்து ஒக்டோபரில் மூடும். ஜெர்மனியின் டாட் அமைப்பு அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்குத் தரும் புலமைப்பரிசிலுக்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும், அத்துடன் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த ஆறு வருட விதியைப் பலர் கவனிப்பதில்லை.

பட்டம் முடித்த கையோடு போக விரும்புபவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் நல்ல வழி. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் தருவார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு 35 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகம் ஊடாகவோ அங்குள்ள பல்கலைக்கழகம் ஊடாகவோ போகலாம். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் இருக்கிறது. அதை நடத்தும் அமெரிக்க-இலங்கை ஆணைக்குழு 1952 முதல் கொழும்பில் இயங்குகிறது. அவுஸ்திரேலியா அவார்ட்ஸும் இருக்கிறது.

இந்தியாவைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை என்பது எனக்குக் கவலை. கொள்ளுப்பிட்டி காலி வீதியிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் கிடைக்கிறது. தமிழ், வரலாறு, சமூகவியல், இசை படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்!

கலாநிதிப் பட்டத்துக்கும் இதே வழிதானா?

ஓரளவுக்குத்தான். அமெரிக்காவில் விஞ்ஞான, பொறியியல் துறைகளில் கலாநிதிப் படிப்புக்கு அனுமதி கிடைத்தால், கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையோடு கட்டண விலக்கும் சம்பளமும் சேர்ந்தே வருவது வழக்கம். தனியாகப் புலமைப்பரிசில் தேட வேண்டியதில்லை. அங்கே முதல் வேலை, உங்கள் ஆய்வோடு நெருங்கிய பேராசிரியர்களின் கட்டுரைகளை வாசித்து, அவர்களுக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுவது. நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். ஐந்து பேரை ஒழுங்காக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

அக்கா, நான் மூன்று வருடப் பொதுப் பட்டம். எனக்கு வாய்ப்பு இல்லையா?

இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. சிறப்புப் பட்டத்தையும் பொதுப் பட்டத்தையும் இலங்கைத் தகைமைச் சட்டகம் வெவ்வேறு மட்டத்தில் வைக்கிறது: பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. சிறப்புப் பட்டம்தான் வேண்டும் என்று சொல்லும் இடங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் 16 வருடக் கல்வி என்று கேட்கும் இடங்களில் பயப்பட வேண்டாம். நாம் பள்ளிக்கூடத்தில் 13 வருடம் படிக்கிறோம், அதோடு மூன்றைக் கூட்டினால் 16. இதை விண்ணப்பத்தில் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், ஏனென்றால் 12 வருடப் பள்ளிக் கல்வி உள்ள நாட்டுக்காரருக்கு நம் கணக்குத் தெரியாது.

நான் தமிழ் மொழிமூலம் படித்தவன். ஆங்கிலம்தான் தடையாக இருக்கிறது.

தடைதான், ஆனால் ஆறு மாதத்தில் தாண்டக்கூடிய தடை. பல கற்கைநெறிகள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் 6.5 கேட்கும். சில ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 6.0 என்றும் சொல்லும். எழுத்துப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் விழுவார்கள், பேச்சில் அல்ல. பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே எங்கே விண்ணப்பிப்பது என்று தீர்மானிக்காமல் அவசரப்பட்டு எழுத வேண்டாம். பரீட்சைக் கட்டணம் பவுண் கணக்கோடு ஏறுவது. 2022இல் ரூபாய் விழுந்தபோது அது வீடுகளில் எப்படி இடித்தது என்று நமக்குத் தெரியும். அதனால் ஒரே தடவையில் எடுக்கும் அளவுக்குப் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள்.

தினமும் ஆங்கிலத்தில் ஒரு பந்தி கையால் எழுதி, யாரையாவது திருத்தச் சொல்லுங்கள். வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் இதை ஒரு மாதம் செய்து பாருங்கள்.

என்னைப் பற்றிய கட்டுரையில் என்ன எழுதுவது? எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை.

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் வளர்ப்பில் தன்னைப் பற்றிப் பேசுவது அழகல்ல. "நான் செய்தேன்" என்று சொன்னால் தற்பெருமை. அதனால் "நாங்கள் செய்தோம்" என்கிறோம், இன்னும் பணிவாக "செய்யப்பட்டது" என்கிறோம். அந்தப் பணிவு எனக்கும் பிடிக்கும். ஆனால் விண்ணப்பத்தில் அது உங்களை மறைத்துவிடும். தெரிவுக்குழுவில் இருப்பவர் உங்களைத் தேடுகிறார், அவர் கண்ணில் படுவது ஒரு குழு மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தங்கச்சி வந்தாள். சூழல் விஞ்ஞானம் படித்தவள், ஒருமுறை நிராகரிக்கப்பட்டவள். அவளுடைய முதல் பந்தியின் சாரம் இது: "சிறு வயதிலிருந்தே சூழலில் ஆர்வம் கொண்டவள் நான். எங்கள் குழு நிலத்தடி நீரின் தரம் பற்றி ஆய்வு செய்தது. என் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மூன்று வரியையும் எவரும் எழுதலாம்.

நான் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, "நீ கையால் என்ன செய்தாய், அதைச் சொல்" என்றேன். மெல்ல மெல்ல வந்தது. கோப்பாய்ப் பக்கம் 18 கிணறுகள். சைக்கிளில் றெஜிபோம் பெட்டி கட்டி, மீன் சந்தையில் ஐஸ் வாங்கி நிரப்பி, தண்ணீர் மாதிரிகளை அன்றன்றே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், தோட்டத்தில் போடும் உரத்தின் நைத்திரேற்று இலகுவாக இறங்கிக் கிணற்றில் சேரும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரு வீட்டுக் கிணற்றில் அதையும் தாண்டி இருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்று அந்தத் தாய்க்கு இவளே உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "அது ஆய்வறிக்கையில் இல்லையே அக்கா" என்றாள்.

அதைத்தான் எழுத வேண்டும். ஒரு இடம், ஒரு வேலை, நீங்கள் எடுத்த ஒரு முடிவு. அதிலிருந்து உங்களுக்கு எழுந்த, விடை தெரியாத ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட இந்தக் கற்கைநெறியின் எந்தப் பாடம் உதவும் என்று சொல்லுங்கள், பாடத்தின் பெயரோடு. திரும்பி வந்து எங்கே வேலை செய்வீர்கள் என்பதையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். "நாட்டுக்குச் சேவை" என்று எழுத வேண்டாம், எந்தச் சபையில், எந்தத் திணைக்களத்தில், எந்த மாவட்டத்தில் என்று எழுதுங்கள்.

குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததுபோல் எழுதச் சொல்லவில்லை. குழுவில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொன்னால் போதும், அது பெருமை பேசுவதல்ல, உண்மை.

சற்ஜிபிடியில் எழுதலாமா?

எழுத வேண்டாம். செவ்னிங் விண்ணப்பங்களை எழுத்துத் திருட்டுச் சோதனைக்கு உட்படுத்துகிறது, மற்றவர்களும் கவனிக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், றெஜிபோம் பெட்டியும் அந்தத் தாயும் அதற்குத் தெரியாது. எழுதி முடித்த பிறகு இலக்கணப் பிழை பார்க்கப் பாவித்தால், அதை அந்தத் திட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

சிபார்சுக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது? பேராசிரியர்தான் வேண்டுமா?

பதவியில் பெரியவரைவிட உங்களை அறிந்தவர் நல்லவர். உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்த சிரேஷ்ட விரிவுரையாளர், நீங்கள் யாரென்றே ஞாபகமில்லாத பீடாதிபதியைவிட நூறு மடங்கு பயன்.

குறைந்தது ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். கேட்கும்போது ஒரு பக்கத் தாள் ஒன்று கொடுங்கள்: அவரிடம் படித்த பாடங்கள், பெறுபேறு, ஆய்வுத் தலைப்பு, அவருக்கு ஞாபகம் வரக்கூடிய இரண்டு மூன்று சம்பவங்கள், கடைசித் திகதி. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சில சேர்மார் சொல்வார்கள். வேலைப்பளுவில்தான் சொல்கிறார்கள். அப்போதும் கடிதத்தை எழுதிக் கொடுக்காமல், அந்தத் தாளைக் கொடுத்து, "இதைப் பார்த்து உங்கள் சொல்லில் நாலு வரி போதும் சேர்" என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

நான் முதல்முறை விண்ணப்பித்த வருடம், ஒப்புக்கொண்ட ஒருவர் கடிதத்தைப் பதிவேற்றவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். கடைசி நாள் கடந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு வருடம் போய்விட்டது. பத்து நாளுக்கு முன் ஒருமுறை, மூன்று நாளுக்கு முன் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அது மரியாதைக் குறைவல்ல. முடிந்தால் மூன்றாவது ஒருவரையும் கேட்டு வைத்திருங்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். என்ன செய்வது?

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரை முன்னால் வைக்கிறோம். கந்தையா தர்ஷினி என்று ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டச் சான்றிதழில் கே. தர்ஷினி. கடவுச்சீட்டில் கந்தையா குடும்பப் பெயராக. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தர்ஷினி 'ரி எச்' எழுத்தில் தொடங்கும், கடவுச்சீட்டில் 'டி'யில் தொடங்கும். நமக்கு ஒரே ஆள். லண்டனில் கோப்பைத் திறப்பவருக்கு மூன்று பேர்.

விண்ணப்பம், ஐ.ஈ.எல்.ரி.எஸ்., சிபார்சுக் கடிதம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். இதைக் கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள்.

ஆவணங்களை எங்கே மொழிபெயர்ப்பது, எங்கே உறுதிப்படுத்துவது?

மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் செய்ய வேண்டும். புதுக்கடை நீதிமன்றத்தைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாவனைக்கு உறுதிப்படுத்துவது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியுலர் பிரிவு. யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் இருப்பதால், அதற்காகவே கொழும்புக்கு வர வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பக் கட்டத்தில் பெரும்பாலும் ஸ்கேன் பிரதிகளே போதும். கேட்காத உறுதிப்படுத்தலுக்கு முன்கூட்டியே காசு செலவழிக்க வேண்டாம். பெறுபேற்று விபரத்தை மட்டும் இப்போதே எடுங்கள், சில பீடங்களில் கிழமைக் கணக்கில் இழுபடும்.

காலி வீதியில் ஒரு ஏஜென்சி, காசு கட்டினால் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது.

கட்டாதீர்கள். செவ்னிங், கொமன்வெல்த், ஃபுல்பிரைட், எராஸ்மஸ் முண்டுஸ் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை, எந்த முகவரும் உங்களுக்காகத் தெரிவு வாங்கித் தர முடியாது. முகவர்கள் பல்கலைக்கழகங்களிடம் தரகு பெற்று மாணவரைச் சேர்ப்பவர்கள், அது வேறு வேலை. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து முற்பணம் கட்டிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கிடைத்தது கட்டணத்தில் 10 வீதக் கழிவு. அதைத்தான் புலமைப்பரிசில் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் அரசாங்க வேலையில் இருக்கிறேன்.

திணைக்களத் தலைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சம்பளத்தோடான கற்கை விடுமுறை எடுத்தால் பிணைமுறியில் கையெழுத்திட வேண்டியிருக்கும், பிணையாளர்களும் தேவைப்படுவார்கள். திரும்பி வந்து எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும், முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். பிணை நிற்பவர் உங்கள் மாமாவோ நண்பரோதான். கடன் அவர் தலையில் விழும்.

கடைசி நேரம் எங்கள் நேரமா, அவர்கள் நேரமா?

அவர்கள் நேரம். லண்டனில் நண்பகல் 12 என்றால் நமக்கு ஒக்டோபர் மாதக் கடைசிவரை பிற்பகல் 4.30, அதன்பின் 5.30. பிரசல்ஸில் ஜனவரி நள்ளிரவு என்றால் நமக்கு விடிய 4.30. இரண்டு நாளுக்கு முன் அனுப்பிவிடுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் நீங்கள் எழுதியதைத்தான். எழுதியது உங்கள் சொந்தக் கதை என்றால் பயிற்சி அதிகம் தேவையில்லை. "உங்கள் திட்டம் தோற்றால் என்ன செய்வீர்கள்?", "திரும்பி வந்து முதல் வருடம் எங்கே இருப்பீர்கள்?" போன்ற கேள்விகளுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். வீட்டில் யாரையாவது எதிரே இருத்தி, நீங்கள் "நாங்கள்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தச் சொல்லுங்கள். என் சித்தப்பாவின் மகளுக்கு இதைச் செய்தது அவளுடைய அப்பா. முதல் நாள் பத்து நிமிடத்தில் பதினாறு தடவை கை உயர்த்தினார்.

கட்டாயம் திரும்பி வரத்தான் வேண்டுமா?

செவ்னிங்கில் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். அவுஸ்திரேலியா அவார்ட்ஸில் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் மாணவர் போகும் ஜே-1 விசாவிலும் இரண்டு வருட விதி உண்டு. எராஸ்மஸ் முண்டுஸில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. போய் அங்கேயே தங்குவதுதான் எண்ணம் என்றால் நிபந்தனை இல்லாததற்கு விண்ணப்பியுங்கள். அது உங்கள் வாழ்க்கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருவேன் என்று கையெழுத்திட்டுவிட்டு வராமல் இருப்பது வேறு. அந்த இடத்தில் வந்து நின்றிருக்கக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறார்.

அக்கா, எனக்குக் கிடைக்கவில்லை. இனி விட்டுவிடவா?

முதலில் ஒரு கிழமை சும்மா இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நானும் அழுதேன். பிறகு அடுத்த வருடத்துக்கு மூன்று விடயங்களைப் பாருங்கள்: பெறுபேறு விதிக்குள் இருந்ததா, ஆவணம் எல்லாம் போய்ச் சேர்ந்ததா, கட்டுரையில் நீங்கள் இருந்தீர்களா. முதலாவது பிழை என்றால் வேறு திட்டம் தேட வேண்டும். இரண்டாவது திகதிப் பிரச்சினை. மூன்றாவது என்றால் திருத்தலாம், அதற்கு ஒரு வருடம் தாராளம்.

கோப்பாய்க் கிணறுகளோடு வந்த தங்கச்சி இரண்டாம் முறை அனுப்பிய கட்டுரை அந்தத் தாயின் வீட்டு முற்றத்தில் தொடங்கியது. தெரிவானாள். நிராகரிக்கப்பட்ட முதல் கட்டுரையின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை வருபவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட, அவளே விட்டுப் போனது. நீங்கள் வரும்போதும் உங்கள் பழைய விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், ஒரு பென்சிலும்.